கதிர்வீச்சும் தைமஸ் சுரப்பியும்: சுண்டெலிகள் உணர்த்திய உண்மை

[திரையில்: நீர் மூலக்கூறுகள், நடுவே டி.என்.ஏ. இழை]

எக்ஸ் கதிர் உடலுக்குள் நுழையும்போது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை வெளியேற்றுகிறது. அந்த எலக்ட்ரான்கள் டி.என்.ஏ.வை நேரடியாகத் தாக்கலாம். அல்லது உயிரணுவில் நிறைந்திருக்கும் நீரைச் சிதைத்து, ஹைட்ராக்சில் எனப்படும் வினைவேகம் மிக்க துகள்களை உண்டாக்கி, அவற்றின் வழியாகவும் தாக்கலாம். டி.என்.ஏ.வின் இரு இழைகளும் அருகருகே அறுந்துபோனால், அவற்றை ஒட்டவைக்க முயலும் உயிரணு சில வேளைகளில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. அல்லது பொருந்தாத முனைகளை இணைத்துவிடுகிறது. அந்தப் பிழையுடன் உயிரணு பெருகும்போது புற்றுநோய் தொடங்கக்கூடும். இது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று.

[திரையில்: கருநிறச் சுண்டெலி, மார்பினுள் தைமஸ் சுரப்பி]

1950-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹென்றி காப்லானும் அவருடைய குழுவினரும், சி57 பிளாக் என்னும் வகைச் சுண்டெலிகளின் உடல் முழுவதும், இடைவெளி விட்டுப் பல தவணைகளாக எக்ஸ் கதிர் செலுத்தினர். சில மாதங்களில் அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு, நோயை எதிர்க்கும் டி உயிரணுக்கள் முதிர்ச்சியடையும் இடமான தைமஸ் சுரப்பியில், லிம்போமா என்னும் புற்றுநோய் தோன்றியது. ஆனால் தொடை எலும்பின் மஜ்ஜையை மட்டும் ஈயத்தால் மறைத்துவிட்டுக் கதிர் செலுத்தியபோது, தைமஸ் கதிருக்கு முழுமையாக உள்ளாகியும், நோய் வெகுவாகக் குறைந்தது.

அடுத்த சோதனை இதைவிட வியப்பூட்டுவது. தைமஸ் அகற்றப்பட்ட சுண்டெலிகளுக்குக் கதிர் செலுத்தி, அதன்பின் கதிர் படாத வேறு சுண்டெலிகளின் தைமஸை அவற்றின் உடலில் பொருத்தினர். கதிரையே காணாத அந்தத் திசுவிலும் லிம்போமா தோன்றியது!

[திரையில்: மஜ்ஜையிலிருந்து தைமஸுக்குச் செல்லும் உயிரணுக்கள்]

தைமஸுக்கு வேண்டிய முன்னோடி உயிரணுக்களை எலும்பு மஜ்ஜையே இடைவிடாமல் அனுப்புகிறது. மஜ்ஜை சிதைந்தால் அந்த வரத்து நின்றுபோகிறது. சுரப்பியில் எஞ்சியிருக்கும் உயிரணுக்கள், வழக்கமாகப் புதியவற்றுக்கு இடம்விட்டு நீங்க வேண்டியவை, அங்கேயே தங்கி மீண்டும் மீண்டும் பிளவுபடுகின்றன. ஒவ்வொரு பிளவிலும் புதிய மரபணுப் பிழை சேர வாய்ப்பு உண்டு.

இந்த நோய் குறிப்பிட்ட சில சுண்டெலி வகைகளில்தான் இவ்வளவு எளிதில் தோன்றுகிறது. ஆகையால் இம்முடிவுகளை அப்படியே மனிதருக்குப் பொருத்திப் பார்ப்பது சரியாகாது. எனினும் 2014-இல், ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர ஆய்வாளர்கள், புதிய முன்னோடி உயிரணுக்கள் வந்துசேர முடியாத சுண்டெலிகளில் தைமஸைப் பொருத்தி, கதிர்வீச்சே இல்லாமல் அந்தத் திசுவில் டி உயிரணு இரத்தப் புற்றுநோய் உருவாவதைக் கண்டனர். குழந்தைகளுக்கு வரும் அதே வகை நோயில் அடிக்கடி காணப்படும் நாட்ச்1 மரபணு மாற்றங்கள் அவற்றிலும் இருந்தன.