ஊர்ப்புறத்தை எட்டிவிட்ட சர்க்கரையின் முன்நிலை

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

"சர்க்கரையெல்லாம் டவுன்காரர்களுக்கு வருவது, காடு கழனியில் பாடுபடுகிற எனக்கு ஏன் வரப்போகிறது?" என்று கிராமத்துப் பெரியவர்கள் கேட்பதுண்டு. ஒரு தலைமுறைக்கு முன்பு அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வின்படி, நீரிழிவு நோயில் நகரங்கள் இன்னும் முன்னால் இருந்தாலும், இரத்தச் சர்க்கரை இயல்பைவிடக் கூடியும் நோய் அளவை இன்னும் எட்டாத முன்நிலையில் நகரத்தில் 15.4 சதவீதம், கிராமத்தில் 15.2 சதவீதம் என இரண்டும் ஏறத்தாழச் சமமாகிவிட்டன.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தாலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தாலோ அதுவே முன்நிலை. "பார்டரில் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பப்படுகிற பலர், நோய் இல்லை என்று சொல்லிவிட்டதாகவே எடுத்துக்கொண்டு அந்தச் சீட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். தாகம், அடிக்கடி சிறுநீர், ஆறாத புண் என்று எந்த அறிகுறியும் பெரும்பாலும் இந்த நிலையில் தென்படாது என்பதுதான் எனக்குப் பெருங்கவலை தருகிறது.

கிராமத்தில் உழைப்பு நின்றுவிடவில்லை. அதன் அளவுதான் மாறியிருக்கிறது. உழவுக்கு டிராக்டரும் நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரமும் வந்த பிறகு, முதுகொடியும் வேலை ஆண்டில் சில வாரங்களுக்குச் சுருங்கிவிட்டது. வரப்பில் நடந்து வயலுக்குப் போனவர் இன்று மோட்டார் சைக்கிளில் போகிறார். ஆனால் மதியச் சாப்பாடு மட்டும் நாள் முழுவதும் ஏர் பிடித்தவருக்கு உரிய அளவிலேயே தொடர்கிறது. தட்டு நிறைய வெள்ளைச் சோறு, அது நனையக் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல், பருப்போ முட்டையோ என்றைக்காவது ஒருநாள். இதற்கிடையில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை வீதம் நான்கு டீ குடித்தாலே 30 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளே போய்விடுகிறது. நியாய விலைக் கடை அரிசி பசியைப் போக்கிய அரிசி. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பயறும் கீரையும் காய்களும் கூட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கேழ்வரகு என்பதற்காக அளவில்லாமல் களி உண்பதும் சரியன்று. அதிலும் மாவுச்சத்துதான் மிகுதி.

அடுத்தது வயிறு. கை கால் மெலிந்திருந்தும் வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு நம்மிடையே மிகுதி. அந்த வயிற்றுக் கொழுப்பு இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. வயிற்றின் சுற்றளவுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. வேட்டி கட்டும் இடத்தில் அளந்தால் தொந்தி கணக்கில் வராமல் போய்விடும். விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், நாடாவை வைத்து அளக்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்து, வயதும் 35-ஐக் கடந்திருந்தால், அளவு எல்லைக்குள் இருந்தாலும் இரத்தப் பரிசோதனை தேவை.

இந்த நிலையிலிருந்து திரும்ப வழி இருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவைத் திருத்தி நடைப்பயிற்சியும் மேற்கொண்ட முன்நிலையினர் நீரிழிவுக்குள் செல்லும் வாய்ப்பு மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது. சர்க்கரைக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய அவ்வளவே.

பரிசோதனைக்காக நகரத்துக்குப் போக வேண்டியதும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். குறிப்பாக, கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்த பெண்கள், பிரசவத்தோடு அது போய்விட்டதென்று விட்டுவிடுகிறார்கள். பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்கே மிக அதிகம். குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடச் செல்லும் அதே நாளில் தாய்க்கும் சர்க்கரை பார்க்கச் சொல்லி, உடன் செல்லும் மாமியாரோ கணவரோ கேட்டு வாங்க வேண்டும். அதன் பிறகு ஆண்டுக்கொரு முறையேனும் தவறாமல் பார்த்துவர வேண்டும்.

நன்றி, வணக்கம்.