எந்த ‘மெசையா’ ஒரிஜினல்?

அடுத்த வாசகர் கேள்வி, பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹேண்டல் தனிப் பாடகர்களுக்கும் கோரஸுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக இயேசுவைப் பற்றி எழுதிய ‘மெசையா’ பற்றி. “பீச்சம் நடத்திய 1959 பதிவையும் ஹாக்வுட் நடத்திய 1980 பதிவையும் கேட்டேன். ‘அவர் வரும் நாளைச் சகிப்பவன் யார்’ பாட்டை முதலாவதில் ஆண் பாடுகிறார், ஹாக்வுட்டில் பெண். அதில் சுருதியும் இறங்கியிருக்கிறது. எது ஒரிஜினல்?”

ரெண்டு பேரும் ஏமாற்றவில்லை. 1742 ஏப்ரலில் டப்ளினில் அரங்கேறிய பிறகு, ஒவ்வொரு முறையும் கையில் கிடைத்த பாடகர்களுக்கு ஏற்றபடி ஹேண்டலே பாட்டுகளை மாற்றிக்கொண்டே இருந்தார். நீங்கள் சொன்ன பாட்டையே 1750இல் குவாடாக்னி என்ற ஆல்ட்டோ (பெண் குரல் போன்ற உயரத்தில் பாடும்) ஆண் பாடகருக்காகப் புதிதாக எழுதினார், அந்தப் புது வடிவத்தை பேஸ் என்ற கனமான ஆண் குரலில் பாடுவது பின்னால் வந்த வழக்கம். ஹாக்வுட் எடுத்துக்கொண்டது 1754இல் லண்டனில் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல் என்ற ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் நடந்த வடிவம், அதில் இது சொப்ரானோவுக்கு, அதாவது உச்சஸ்தாயிப் பெண் குரலுக்கு. சுருதிக்குக் காரணம், ஹாக்வுட் மாதிரி பழைய இசையைப் பழைய கருவிகளில் வாசிப்பவர்கள் இன்றைய சுருதியைவிடச் சுமார் அரைக் கட்டை இறக்கி வைத்துக்கொள்வதுதான்.

சரி, ஒப்பிட எது வசதி என்றால், முழுசையும் கேட்காதீர்கள், ‘நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்’ கோரஸை மட்டும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ‘பிறந்தார்’ என்ற இடத்தில் நம் பிருகா மாதிரி ஒரு நீண்ட ஓட்டம் வரும், அந்த மெட்டை ஹேண்டல் அதே 1741இல் தான் எழுதியிருந்த ஓர் இத்தாலியப் பாட்டிலிருந்து எடுத்தார், அது ரெண்டே ரெண்டு பேர் பாடுவதற்காக எழுதியது! அதை பீச்சத்திடம் இருப்பதுபோல் பெரிய கூட்டம் பாடினால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிடும். ஹாக்வுட்டிடம் ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தின் சிறுவர்களும் ஆண்களும் பாடுகிறார்கள், ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகத் தெரிகிறது. ஆனால் அதே கோரஸில் ‘அதிசயமானவர், ஆலோசனைக்கர்த்தா’ என்று எல்லோரும் சேரும் இடம் வரும்போது பீச்சத்தின் கூட்டம் கூரையைத் தூக்குகிறது, ஹாக்வுட் அங்கே கொஞ்சம் சப்பென்று இருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பீச்சத்தில் கேட்கும் சிம்பல் (பெரிய ஜால்ரா மாதிரித் தட்டு) எல்லாம் ஹேண்டல் எழுதியதல்ல, அந்தப் பதிவுக்காக ஆர்க்கெஸ்ட்ரா பகுதியை மாற்றி எழுதிய கூசன்ஸ் சேர்த்தது. ‘அல்லேலூயா’ கோரஸில் அது மோதும்போது எனக்குச் சிரிப்பு வரும், ஆனாலும் நிறுத்தமாட்டேன்.

ஒன்றுதான் வாங்குவேன் என்றால் ஹாக்வுட். அது பிடித்துப்போனால் ஜான் பட் 2006இல் டனிடின் கன்சோர்ட் என்ற ஸ்காட்லாந்துக் குழுவோடு செய்த டப்ளின் வடிவத்துக்குப் போங்கள், அதில் கோரஸே ஒரு டஜன் பேர் சுமார்தான்.