பினா கொலாடா கசந்தது ஏன்? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

ஈரோட்டிலிருந்து நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் பினா கொலாடா என்ற காக்டெயில் செய்தேன். பச்சை அன்னாசியை அரைத்து, தேங்காய்ப்பாலும் ஃபிரெஷ் கிரீமும் வெள்ளை ரம்மும் சேர்த்தேன். முதல் வாய் அருமை. சற்று நேரத்தில் திரிந்து கசந்துவிட்டது. வேறு எந்த ரம் வாங்கலாம்?" இந்தக் கேள்வி என்னை விடாமல் அரித்துக்கொண்டே இருந்தது, ஏனென்றால் இதில் ரம் மீது எந்தக் குற்றமும் இல்லை.

வேகவைக்காத பச்சை அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அது பாலின் புரதத்தைத் துண்டுதுண்டாக அறுத்துவிடும், அந்தத் துண்டுகள்தான் கசக்கின்றன. அன்னாசிப் பாயசம் வைக்கும் நம் வீட்டுப் பெண்கள் பழத்தை முதலில் வேகவைத்துவிட்டுத்தான் பால் ஊற்றுகிறார்கள். சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். டப்பாவில் வரும் சாறும் சூடாக்கப்பட்டதே, ஆகையால் அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஃபிரீசரில் வைத்தால் நொதி அழிந்துவிடும் என்று எண்ணாதீர்கள். அது உறங்கும், அவ்வளவுதான்.

ஆனால் நேயர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பானத்துக்குப் பால் கிரீம் எதற்கு? மோஹிட்டோ என்ற இன்னொரு ரம் பானத்தைப் பற்றி முன்பு பேசியபோதே சொன்னேன், கரீபியன் பானங்களில் ரம்மைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் மற்றவற்றைக் கவனியுங்கள் என்று. பினா கொலாடாவின் வழவழப்பு தேங்காய்க் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்து தருவது. கரீபியன் தீவான போர்ட்டோ ரீகோவின் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பேராசிரியராக இருந்த ரமோன் லோபஸ் இரிசாரி, தேங்காய்ப்பாலை இனிப்போடு கெட்டிப்படுத்தி 'கோகோ லோபஸ்' என்ற பெயரில் டப்பாவில் விற்றார். அதற்குப் பிறகுதான் இந்தப் பானம் இன்றைய உருவத்தை அடைந்தது. 1954-இல் அந்தத் தீவின் தலைநகர் சான் ஹுவானின் கரீபே ஹில்டன் விடுதியில் இதை ரமோன் மர்ரேரோ என்ற பார்டெண்டர் உருவாக்கினார் என்று அந்த விடுதி சொல்கிறது. இல்லை, 1963-இல் எங்களிடம்தான் பிறந்தது என்று பழைய சான் ஹுவானின் பர்ராச்சினா உணவகம் வாசலில் கல்வெட்டே வைத்திருக்கிறது. இந்தச் சண்டை எப்படிப் போனாலும், 1978-இல் போர்ட்டோ ரீகோ இதைத் தன் அதிகாரபூர்வப் பானமாக அறிவித்துவிட்டது. நமக்கு முக்கியமானது அந்தக் கோகோ லோபஸ் டப்பாதான்.

அது கிடைக்கவில்லையென்றால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தண்ணீர் அதிகம் விடாமல் பிழிந்த முதல் தேங்காய்ப்பால் 200 மில்லி, அதே எடைக்குச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. மிகச் சிறு தீயில் சர்க்கரை கரையும்வரை மட்டும் கிளறி இறக்குங்கள், கொதித்தால் எண்ணெய் பிரிந்துவிடும். ஆறிய பிறகு ஃபிரிட்ஜில் திணித்துவிடாதீர்கள். தேங்காய்க் கொழுப்பு ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உறைந்ததை அப்படியே மிக்சியில் போட்டால் வெள்ளை வெள்ளையாக மெழுகுத் துணுக்குகள் நாக்கில் ஒட்டும். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே பயன்படுத்துங்கள். குளிர வேண்டியது சாறும் ரம்மும்.

ஒரு கோப்பைக்கு இந்தத் தேங்காய்ப் பாகு 45 மில்லி, அன்னாசிச் சாறு 90 மில்லி, ரம் 60 மில்லி. மூன்றையும் முதலில் ஓட்டிக் கலந்த பிறகு ஒரு கப் ஐஸ் போட்டு, கட்டிகள் உடையும்வரை மட்டும் மீண்டும் ஓட்டுங்கள். அதிகம் ஓட்டினால் மிக்சியின் சூட்டில் நீர்த்துப்போகும். பாதி ஐஸுக்குப் பதிலாக உறைந்த அன்னாசித் துண்டுகளைப் போடுவது எனக்குப் பிடிக்கும். பால் கிரீம் இல்லாததால் கசப்புப் பயமும் இல்லை.

கடைசியாக ரம். விலை மலிவான வெள்ளை ரம்மே போதும். நம் ஊரில் எளிதில் கிடைக்கும் டார்க் ரம்மைக் கலந்தால் அதன் வெனிலா வாசனை தேங்காயை அமுக்கிவிடும். அதுவும் கையில் இருக்கிறதென்றால், வெள்ளை ரம்மின் அளவைச் சற்றுக் குறைத்து, மேலே ஒரு தேக்கரண்டி டார்க் ரம்மை மட்டும் மிதக்க விடுங்கள். இனிப்பும் குளிர்ச்சியும் மறைத்தாலும் கோப்பையில் இருப்பது முழுசாக ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி ரம். விருந்தினருக்குக் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.