பாலையாவின் முகத்தைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. திரும்பத் திரும்பப் பார்த்தாலும் சலிக்காத குடும்ப நகைச்சுவைப் படம் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பட்டியல் போடச் சொல்லியிருந்தால் திண்டாடியிருப்பேன், ஒன்றே ஒன்று என்றதும் யோசிக்கவே இல்லை. இயக்குநர் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. 1964இல் வந்த படம். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பலர் பிறப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது, நான் உட்பட. ஆனாலும் டிவியில் இந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தால் எங்கள் வீட்டில் ரிமோட்டை யாரும் தொடுவதில்லை. பாதியில் ஆரம்பித்தாலும் சரி, முடிவுக்குப் பத்து நிமிஷம் இருந்தாலும் சரி, அப்படியே உட்கார்ந்துவிடுவோம்.

ஏன் என்று கேட்டால் நாகேஷ் என்பார்கள். சரிதான், ஆனால் அது பாதி பதில்.

கதையை ஒருமுறை ஞாபகப்படுத்திவிடுகிறேன். சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன், அதாவது டி.எஸ்.பாலையா. பணம் என்றால் உயிர். காஞ்சனா, நிர்மலா என்று இரண்டு பெண்கள், செல்லப்பா என்று ஒரு பையன். அந்தச் செல்லப்பாதான் நாகேஷ். சினிமா எடுக்கப்போகிறேன் என்று 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்ற பெயரில் ஒரு கம்பெனியையும் ஆரம்பித்து வைத்திருக்கிறான். கம்பெனியில் இல்லாதது பணம் மட்டும்தான். எஸ்டேட்டில் வேலை பார்த்த அசோக், அதாவது ரவிச்சந்திரன், முதலாளியின் பெண்களோடு மோதி வேலையை இழக்கிறான், பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' என்று பாட்டுப் பாடிப் போராட்டம் நடத்துகிறான், அந்தப் போராட்டத்துக்கு நடுவிலேயே சின்னப் பெண்ணோடு காதலும் வந்துவிடுகிறது. கல்யாணம் ஆகவேண்டுமென்றால் அவன் பெரிய பணக்காரர் வீட்டுப் பிள்ளையாக இருந்தாக வேண்டும். அதற்காக நண்பன் வாசுவுக்கு, அதாவது முத்துராமனுக்கு, நரைத்த தலை வைத்துக் கோடீஸ்வர அப்பாவாகக் கூட்டி வருகிறான். வந்த இடத்தில் பார்த்தால் வாசு காதலிக்கும் பெண்ணே அந்த வீட்டின் மூத்த மகள்!

இதில் பார்க்கிறவருக்கு எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை, கவனித்தீர்களா? யார் போலி, யார் அசல், யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று எல்லாமே நமக்கு முன்கூட்டியே தெரியும், தெரியாத ஒரே ஆள் விஸ்வநாதன்தான். அதனால்தான் இந்தப் படம் பழசாவதில்லை என்று நினைக்கிறேன். கடைசியில் ஒரு திருப்பத்தை வைத்துச் சிரிக்கவைக்கும் படம் ஒருமுறைக்கு மேல் தாங்காது, திருப்பம் தெரிந்துபோனதும் அதில் மிச்சம் எதுவும் இருக்காது. இங்கே நாம் முதல் தடவையே எல்லாம் தெரிந்தவர்களாகத்தான் உட்கார்ந்திருக்கிறோம். அப்புறம் எத்தனையாவது தடவை பார்த்தால் என்ன?

ஸ்ரீதரிடமிருந்து இப்படி ஒரு படத்தை அன்றைக்கு எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். 'கல்யாண பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று கைக்குட்டை நனைய அழவைத்தவர் அவர். முத்துராமன்கூட 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் சாவை எதிர்பார்த்துப் படுத்திருக்கும் கணவர், இரண்டே வருஷம் கழித்து இங்கே ஒட்டுமீசையோடு வந்து நிற்கிறார். எனக்குத் தெரிந்து இந்த மாற்றத்தில் பெரிய பங்கு ஸ்ரீதரோடு சேர்ந்து எழுதிய சித்ராலயா கோபுவுக்கு உண்டு. ஸ்ரீதரும் அவரும் செங்கல்பட்டில் ஒன்றாக வளர்ந்த சிநேகிதர்கள். 'கல்யாண பரிசு' படத்தில் தங்கவேலு எழுத்தாளர் பைரவன் என்று புளுகிக்கொண்டு திரிவாரே, அந்த மன்னார் அண்ட் கம்பெனி கூத்தும் கோபு கூட்டணியில் வந்ததுதான். அழுகைப் படத்தில் ஓரமாக இருந்த அந்தச் சிரிப்பைத்தான் இங்கே படம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். ரவிச்சந்திரன், காஞ்சனா இரண்டு பேரும் இதில்தான் அறிமுகம். வின்சென்டின் கேமராவில் ஆழியாறு அணைப் பக்கமெல்லாம் ஈஸ்ட்மென் கலரில் என்ன பளிச்சென்று இருக்கும் தெரியுமா!

சரி, நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். செல்லப்பா அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி. தமிழ் சினிமா பார்க்கிற யாருக்கும் அதை விவரிக்க வேண்டியதில்லை. கதை, வசனம், கதாநாயகி, பேய், பின்னணி ஓசை எல்லாமே நாகேஷின் வாய்தான். குரலைத் தாழ்த்துவார், இழுப்பார், சட்டென்று நிறுத்துவார். வானொலிக்காரர்களுக்கு இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் அது கிட்டத்தட்ட ஒரு வானொலி நாடகம். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் படத்தின் ஒலியை மட்டும் ஒலிச்சித்திரம் என்று போடுவார்கள் இல்லையா, அதில் இந்தக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சிரிப்பு வரும்.

ஆனால் அடுத்த தடவை பார்க்கும்போது தயவுசெய்து நாகேஷைப் பார்க்காதீர்கள். கஷ்டம்தான், இருந்தாலும் முயற்சி செய்யுங்கள். பாலையாவை மட்டும் பாருங்கள். முதலில் 'இவன் என்ன உளறப்போகிறானோ' என்கிற அலட்சியத்தோடு உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் கொஞ்சமாகக் கண் விரியும். உடம்பு சுருங்கும். பையன் ஒரு சத்தம் போட்டால் இவருக்குத் தூக்கிவாரிப் போடும், போட்டதும் 'ஒன்றுமில்லையே' என்பதுபோல் சமாளிக்கப் பார்ப்பார், சமாளித்து முடிப்பதற்குள் அடுத்த சத்தம் வந்துவிடும். அந்த நேரம் முழுக்க அவர் பேசுவது சொற்பம். பயம் காட்டுவது சுலபம், பயந்துவிட்டோமே என்கிற வெட்கத்தையும் சேர்த்துக் காட்டுகிறார் பாருங்கள், அதைத்தான் நான் பல வருஷம் கவனிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தேன். கேட்கிறவர் பயப்படாவிட்டால் சொல்கிறவரின் கதைக்கு என்ன மதிப்பு? அதே சமயம் பாலையா ஒரு இம்மி கூடுதலாகச் செய்திருந்தால் நாகேஷ் காணாமல் போயிருப்பார். செய்யமாட்டார். 1936இல் 'சதிலீலாவதி'யில் வில்லனாக ஆரம்பித்து அதுவரை கதாநாயகர்களை மிரட்டிச் சம்பாதித்த மனிதர், தன் மகனாக நடிக்கும் பையனிடம் மிரண்டு காட்டுகிறார். அடுத்த வருஷமே 'திருவிளையாடல்' ஹேமநாத பாகவதர்!

கோடீஸ்வரர் வேஷத்தில் வாசு வந்து இறங்கியதும் பாலையாவின் குழைவு இன்னொரு விருந்து. நேற்றுவரை வேலையைவிட்டுத் துரத்திய பயல் இன்றைக்கு 'அசோகர்' ஆகிவிடுகிறான். "அசோகர் உங்க மகருங்களா?" என்று அவர் கேட்பதற்கு என் மாமா ஒருவர் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சிரிப்பார், வசனம் வருவதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவார், அதனால் எங்களுக்கு வசனம் கேட்காது. பணத்துக்கு மரியாதை எப்படித் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது என்று எத்தனை பக்கம் எழுதினாலும் இந்த இரண்டு 'ர்' சொல்வதைச் சொல்லமுடியாது. நம் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் இதைப் பார்க்காதவர் யார்?

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. கடைசி அரைமணி நேரத்தில் வேகம் கொஞ்சம் தளரும். அதைவிட எனக்கு உறுத்துவது, காஞ்சனாவுக்கும் நிர்மலாவாக வரும் ராஜஸ்ரீக்கும் அழகாகப் பாடி ஆடுவதைத் தவிரச் சிரிக்கவைக்கப் பெரிதாக வாய்ப்புத் தரவில்லை. படித்த, துடுக்கான பெண்கள் என்று அறிமுகம் செய்துவிட்டு இப்படி விட்டுவிட்டார்களே என்றிருக்கும். அந்தக் குறையை மீனாட்சியாக வரும் சச்சுதான் தீர்க்கிறார். எஸ்டேட் மேனேஜர் மகள் மீனாட்சியைச் செல்லப்பா தன் படத்துக்குக் கதாநாயகியாக்கி நடிப்புச் சொல்லித்தரும் இடங்களில் அவர் நாகேஷுக்குச் சரிக்குச் சரி நிற்கிறார். நாகேஷோடு ஒரே சட்டகத்தில் நின்று தொலைந்துபோகாமல் இருப்பதே பெரிய விஷயம்.

படம் ஓடிய ஓட்டத்தில் தெலுங்குக்கும் இந்திக்கும் போனது. இந்தியில் 1966இல் ஸ்ரீதரே 'பியார் கியே ஜா' என்று எடுத்தார், நாகேஷ் இடத்தில் மெஹ்மூத், பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ். இருவருமே கெட்டிக்காரர்கள், அந்தப் பேய்க்கதைக் காட்சியை வடக்கே இன்றும் கொண்டாடுகிறார்கள். எனக்கு என்னவோ நம்மூர் ஜோடியின் தாளம்தான் பிடித்திருக்கிறது. பாரபட்சம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போங்கள்.

பாட்டுகளைப் பற்றித் தனியாக ஒரு மணி நேரம் பேசலாம், நேரம் இல்லை. கண்ணதாசன், விஸ்வநாதன் - ராமமூர்த்தி என்றால் மிச்சம் உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வாசு வாசுவாக மெரினா பக்கம் 'என்னப் பார்வை' பாடும்போது அவனுக்குக் குரல் ஜேசுதாஸ். அவனே கிழவர் வேஷத்தில் காஞ்சனாவைச் சீண்டிப் பாடும்போது சீர்காழி கோவிந்தராஜன். மேக்கப்பைப் போலக் குரலையும் மாற்றிக் கட்டிவிட்டார்கள்! இது படம் பார்க்கும்போது உறைக்காது, கேட்கும்போதுதான் பிடிபடும். நிலையத்தாரிடம் அந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். முதலில் ஜேசுதாஸ், அப்புறம் சீர்காழி. கேளுங்கள். வணக்கம்.