தோத்தவனுக்கும் ஒரு நாற்காலி போடுங்க

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், எதிரணி அண்ணனுக்கு ரெண்டு வணக்கம், ஏன்னா அவர் பேசினதுல பாதி எங்க அணிக்குத்தான் பாயிண்ட்டு. பெரிய போர் முடிஞ்சப்புறம் அமைதி நிக்கறது தோத்தவன தண்டிச்சதாலயா, கூட உக்கார வச்சு பேசினதாலயா, இதுதான் தலைப்பு. அண்ணன் தண்டனைன்னாரு. நான் உங்கள 1814ல சமாதான மாநாடு நடந்த வியன்னாவுக்கு கூட்டிட்டுப் போறேன், டிக்கெட் வேணாம்.

பிரெஞ்சுப் புரட்சி, அப்புறம் நெப்போலியன், 20 வருஷத்துக்கு மேல ஐரோப்பா முழுக்க சண்டை. அவர எல்பா தீவுக்கு அனுப்பிட்டு, ஜெயிச்ச ஆஸ்திரியா, ரஷ்யா, பிரஷ்யா, இங்கிலாந்து நாலும் எல்லாத்தையும் தாங்களே பேசி முடிச்சிடலாம்னு பாத்தாங்க. பிரான்ஸ் சார்பா வந்தாரு டாலிராண்ட். பிஷப்பா இருந்து, புரட்சில சேந்து, நெப்போலியனுக்கு மந்திரியாகி, கடைசில திரும்பி வந்த ராஜாவுக்கும் மந்திரியானவரு, கட்சி மாறுறவங்க எல்லாம் அவர்கிட்ட டியூஷன் போகணும்! பேப்பர்ல 'நேச நாடுகள்'னு எழுதியிருந்தத பாத்தாரு. யாருக்கு எதிரா நேசம், நெப்போலியன்தான் போயாச்சே, எங்க ராஜாவோட மே 30லயே சமாதானம் ஆயாச்சே, இன்னும் யாரு எதிரின்னு மடக்கிட்டாரு. அதுக்கு அவங்களால என்ன சொல்ல முடியும்? கொஞ்ச நாள்லயே போலந்தையும், ஜெர்மன் நாடான சாக்சனியையும் பங்கு பிரிக்கறதுல அந்த நாலு பேருக்குள்ளயே முட்டிக்கிச்சு, 1815 ஜனவரி 3ஆம் தேதி இங்கிலாந்தும் ஆஸ்திரியாவும் ரகசியமா யாரோட ஒப்பந்தம் போட்டுச்சுன்னு நினைக்கறீங்க? பிரான்ஸோட! தோத்து ஒரு வருஷம்கூட ஆகல ஐயா.

மார்ச்ல நெப்போலியன் திரும்பி வந்துட்டாரு, அவர சட்டத்துக்கு வெளிய தள்ளி 13ஆம் தேதி ஒரு அறிக்கை விட்டாங்க, அதுல பிரான்ஸோட கையெழுத்தும் இருந்துச்சு. உக்கார வச்சதோட பலன் இது.

வாட்டர்லூ சண்டையில நெப்போலியன் கடைசியா தோத்தப்புறம் பிரான்ஸுக்கு 70 கோடி பிராங்க் அபராதம் போட்டாங்களே, ஒண்ணரை லட்சம் படைய நிறுத்தினாங்களேன்னு அண்ணன் கேட்டாரு. கரெக்ட்டு, நான் மறுக்கல. ஆனா அஞ்சு வருஷம் வரைக்கும் இருக்கலாம்னு சொன்ன படை 1818லயே கிளம்பிடுச்சு, அதே வருஷம் பிரான்ஸையும் வல்லரசு கூட்டத்துல சேத்துக்கிட்டாங்க, அந்த அபராதத்த கட்டறதுக்கு கடன் திரட்டிக் குடுத்ததே லண்டன் பேரிங் பேங்க்தான். அண்ணன் இத சொல்லாம விட்டுட்டாரு, மறந்திருப்பாரு. அப்புறம் 1854 வரைக்கும் அந்த அஞ்சு வல்லரசும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கல.

முதல் உலகப் போர் முடிஞ்சு 1919ல வெர்சாய்ல நடந்த சமாதானத்துல, தோத்த ஜெர்மனிய பேச்சுக்கே கூப்பிடல, எழுதி வச்சத கையில குடுத்து கையெழுத்து போடுன்னாங்க. 1939ல என்ன ஆச்சுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். காரணம் அது ஒண்ணுதானான்னா இல்ல, ஆனா ஹிட்லருக்கு மேடையில பேச அத விட நல்ல விஷயம் கிடைச்சிருக்காது.

மணி அடிக்கறீங்க, ஒரு நிமிஷம் ஐயா. வியன்னாவுல போலந்த கூறு போட்டாங்களே, பெல்ஜியத்த ஹாலந்தோட ஒட்ட வச்சாங்களே, அது நியாயமான்னு எதிரணி தங்கச்சி அடுத்து கேப்பாங்க, கையில பேப்பர் தெரியுது. நியாயமே இல்லம்மா. ஆனா 1830ல பெல்ஜியத்தோட பிரஸ்ஸல்ஸும் போலந்தோட வார்சாவும் கலகமா வெடிச்சுதுல்ல, அந்த ரெண்டு ஊர்க்காரங்களுக்கும் வியன்னாவுல சொந்தமா ஒரு நாற்காலி இருந்துச்சான்னு மட்டும் வந்து சொல்லுங்க.