நாடகம் வரும்வரை காத்திருந்த நீதி

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

பிரித்தானியாவில் சாதாரண மக்கள் பேருந்திலும் வேலைத்தளத்திலும் கதைக்கிற விஷயம் ஏதாவது ஒன்றை எடுத்துப் பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டிருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டது தபாலக விவகாரம், அதாவது கணினிக் கணக்கின் பிழையால் தபாலகக் கடை நடத்திய நூற்றுக்கணக்கானோர் மேல் வழக்குப் போட்ட கதை. 2024ஆம் ஆண்டு பிறந்ததும் நாடு முழுக்க இதைத்தான் கதைத்தது.

ஜனவரி 1 முதல் 4 வரை, நாலு இரவு தொடர்ந்து ஐடிவி தொலைக்காட்சியில் இதைப் பற்றி ஒரு நாடகம் போனது. 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் த போஸ்ட் ஆபீஸ்' என்பது பெயர். அதை ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். தபாலக நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி போலா வெனல்ஸுக்குக் கொடுத்த சிபிஇ என்ற அரச கௌரவப் பட்டத்தைப் பறிக்க வேண்டும் என்ற மனுவில் கையெழுத்துகள் பத்து லட்சத்தைத் தாண்டின. ஜனவரி 9ஆம் திகதி, அதைத் தானே திருப்பித் தருவதாக அவர் அறிவித்தார். மறுநாள் பிரதமர் ரிஷி சுனாக் பாராளுமன்றத்தில் எழுந்து, தண்டிக்கப்பட்டவர்களின் குற்றத் தீர்ப்புகளைச் சட்டம் போட்டே நீக்குவோம் என்றார். கடைசிப் பாகம் ஒளிபரப்பாகி அன்றைக்கு ஆறாவது நாள்.

தொலைக்காட்சி நாட்டின் மனச்சாட்சியை எழுப்பிவிட்டது என்று அப்போது பலரும் பெருமையாகச் சொன்னார்கள். நாடகம் நல்ல நாடகம்தான், பாதிக்கப்பட்டு நீதிக்காகப் போராடிய கடைக்காரர் ஆலன் பேட்ஸாக டோபி ஜோன்ஸ் மிக அருமையாக நடித்திருந்தார். ஆனால் அந்தப் பெருமையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அந்த நாடகம் பெரிதாகப் புதிய தகவல் எதையும் வெளியே கொண்டுவரவில்லை. எல்லாம் பல வருடமாக எல்லோருக்கும் எட்டக்கூடிய இடத்திலேயே கிடந்தது. அதுதான் என்னை உறுத்துகிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே கிராமத்திலும் தெருமுனையிலும் இருக்கிற பெரும்பாலான தபாலகங்களை நடத்துகிறவர்கள் தபாலகத்தின் சம்பள ஊழியர்கள் அல்ல. சொந்தக் காசைப் போட்டுக் கடை வாங்கி, ஒப்பந்தத்தின் பேரில் கவுண்டர் நடத்துகிற உப தபாலதிபர்கள். 1999 முதல் அவர்களுக்கு ஹொரைசன் என்ற கணினி முறை வந்தது. அதை நடத்தியது புஜிட்சு நிறுவனம். கணக்கு முடிக்கும்போது திரையில் பற்றாக்குறை காட்டும். ஆயிரம் பவுண், ஐயாயிரம் பவுண், சில இடங்களில் பல பத்தாயிரம். பெட்டியில் இருக்கிற காசு சரி, திரையில் இருக்கிற எண் பிழை. ஆனால் தபாலகம் ஒப்பந்தத்தைக் காட்டி, குறைகிற காசைக் கையிலிருந்து கட்டச் சொன்னது.

இதில் ஒரு கொடிய பொறி இருந்தது. கணக்குச் சரி என்று உறுதிப்படுத்தினால்தான் அடுத்த காலக் கணக்கைத் திறந்து கவுண்டரைத் தொடர்ந்து நடத்தலாம். காசைக் கட்ட வழியில்லாதவர்கள், நாளைக்கு ஓய்வூதியம் எடுக்க வருகிற சனத்தை நினைத்து, சரி என்று ஒப்புக்கொண்டார்கள். அதையே பிடித்துப் பொய்க் கணக்குக் குற்றம் என்று வழக்குப் போட்டார்கள். உதவி கேட்டுத் தொலைபேசி எடுத்தவர்களில் எத்தனையோ பேருக்குக் கிடைத்த பதில், 'உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை' என்பது. ஒரே நேரத்தில் நாடெங்கும் நூற்றுக்கணக்கானோர் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார்கள்.

ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்தில் கடை நடத்திய ஜோ ஹமில்டன், உதவி எண்ணில் சொன்னபடியே செய்யச் செய்ய, ஏறக்குறைய இரண்டாயிரம் பவுண் பற்றாக்குறை கண் முன்னால் நாலாயிரம் ஆனது. நாடகத்தில் எல்லோர் மனதிலும் தைத்த இடம் அதுதான். ஏன் என்று நினைக்கிறீர்கள்? இந்த நாட்டில் வங்கிக்கோ எரிவாயு நிறுவனத்துக்கோ நகரசபைக்கோ தொலைபேசி எடுத்து, மணிக்கணக்கில் இசை கேட்டுக் காத்திருந்து, கடைசியில் 'எங்கள் கணினியில் அப்படித்தான் காட்டுகிறது' என்ற பதிலைக் கேட்காத ஆள் யார்? அந்தக் காட்சியில் ஒவ்வொருவரும் தன்னையே பார்த்தார்கள். பத்திரிகைகள் இதை வருடக்கணக்கில் கணினித் தகராறு என்று எழுதியபோது, அது யாரோ நிபுணர்களின் விஷயம் என்று பக்கத்தைப் புரட்டியவர்களும் அவர்கள்தான்.

1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டவர்கள் மேல் வழக்குப் போடப்பட்டது. அதில் ஏறக்குறைய 700 வழக்குகளைப் போட்டது தபாலகமே. பொலிஸ் இல்லை, அரச வழக்குத் தொடுநர் இல்லை. முறையிட்டது, விசாரித்தது, வழக்காடியது எல்லாம் ஒரே நிறுவனம். நீதிமன்றமும் கணினிப் பக்கம் சாய்ந்திருந்தது. கணினி ஒழுங்காக வேலை செய்தது என்று காட்டினால்தான் அதன் பதிவு சான்றாகும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது. 1999இல் நிறைவேறிய இன்னொரு சட்டம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. அதன்பிறகு, பிழை என்று காட்டும் வரை கணினி சரி. கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் ஹொரைசனின் உட்பக்கத்தை எங்கே போய்ப் பார்ப்பார்?

சரே மாவட்டத்து வெஸ்ட் பைஃப்ளீட்டில் தபாலகம் நடத்திய சீமா மிஸ்ரா, 2010 நவம்பரில், வயிற்றில் பிள்ளையோடு, மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாளன்று 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். இப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் தெற்காசிய வழிவந்தவர்கள் நிறையப் பேர். கடை நடத்திப் பிழைக்கிற நம்மவர்கள் இதை வெள்ளைக்காரரின் கதை என்று ஒதுக்க முடியாது. சந்தேக நபர்களை இனவாரியாகப் பிரிக்க, பழைய காலத்து இழிசொற்களை வைத்து, 'இந்திய, பாகிஸ்தானிய வகை' என்றெல்லாம் வகுத்த தபாலக ஆவணம் ஒன்று 2023இல் வெளியே வந்தது. தபாலகம் மன்னிப்புக் கேட்டது. சமூகத்தில் மானத்துக்குப் பயந்து, சொந்தக்காரரிடம் கடன் வாங்கிச் சத்தமில்லாமல் கட்டி முடித்த குடும்பங்களின் கணக்கு எந்த நீதிமன்றத்துக்கும் வரவில்லை.

அப்புறம், யாருக்கு எப்போது தெரியும் என்ற கேள்வி. வேல்ஸில் தன் கடை ஒப்பந்தத்தை 2003இல் இழந்த ஆலன் பேட்ஸ் அன்றிலிருந்தே விடவில்லை. 2009 மே மாதம் 'கம்ப்யூட்டர் வீக்லி' இதழ் பாதிக்கப்பட்ட ஏழு பேரின் கதையை எழுதியது. அதே வருடம் நவம்பரில் ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்து மண்டபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் முதன்முதலாக ஒன்றுகூடினார்கள். 2015இல் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் முன்னாள் புஜிட்சு பொறியியலாளர் ஒருவர் பேசினார். 2019 டிசெம்பரில், பேட்ஸும் மற்றவர்களும் தபாலகத்துக்கு எதிராகப் போட்ட வழக்கில், உயர் நீதிமன்ற நீதிபதி ஃபிரேசர், தபாலகத்தின் பிடிவாதம் பூமி தட்டை என்று இந்த நூற்றாண்டில் சாதிப்பதற்குச் சமம் என்று தீர்ப்பில் எழுதினார். 2021 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை நீக்கியது. இவ்வளவும் நடந்த பிறகும் மந்திரிமார் மெதுவாகத்தான் நடந்தார்கள்.

நாடகத்துக்குப் பிறகு கட்சிகள் ஒன்றையொன்று கைகாட்டின. இதை நான் ஏற்கமாட்டேன். ஹொரைசன் வந்தது தொழிற்கட்சி ஆட்சியில். 2010இல் பேட்ஸ் சந்திக்கக் கேட்டபோது, சந்திப்பதால் பயனில்லை என்று முதலில் பதில் எழுதிய மந்திரி லிபரல் டெமாக்ரட் கட்சியின் எட் டேவி. அந்தக் கூட்டாட்சியிலும் அதற்குப் பின்னும் அரசாங்கத்தை நடத்தியது பழமைவாதக் கட்சி. தபாலகத்தின் ஒரே பங்குதாரர் அரசாங்கம். மூன்று கட்சிக்கும் இதில் பங்கு உண்டு.

குற்றத் தீர்ப்புகளை நீக்கும் சட்டம் 2024 மே 24ஆம் திகதி நிறைவேறியது. பேட்ஸுக்கு ஜூன் மாதம் சர் பட்டம் அறிவிக்கப்பட்டது. வெனல்ஸ் கையில் சிபிஇ இருக்கும்வரை தனக்கு ஓபிஇ பட்டம் வேண்டாம் என்று முன்பு மறுத்த மனிதர் அவர். இந்த விவகாரத்தை ஆராயும் சர் வின் வில்லியம்ஸ் பொது விசாரணையின் அறிக்கையில் 2025 ஜூலையில் வந்த முதல் தொகுதி, இந்த விவகாரத்தால் 13 பேர் தங்கள் உயிரை மாய்த்திருக்கக்கூடும் என்று சொல்கிறது. நட்டஈட்டு விஷயம் இன்னும் கசப்பு. பேட்ஸோடு சேர்ந்து வழக்குப் போட்ட 555 பேருக்கு 2019இல் கிடைத்த 57.75 மில்லியன் பவுணில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போனது. பின்னர் வந்த திட்டங்களிலும், காசைத் திருடவில்லை என்று நிரூபிக்கப்பட்ட மனிதர்கள் ஒவ்வொரு பவுணுக்கும் பத்திரம் காட்ட வேண்டியிருந்தது.

இனி, நாடகத்தால் விடிவு வராதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹொரைசனுக்கு முன்னர், 1990களில் பல கடைகளில் கப்சர் என்ற வேறொரு கணக்கு மென்பொருள் இருந்தது. அதிலும் பிழைகள் இருந்தன, அதனாலும் ஆட்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2024இல் அரசாங்கம் அமர்த்திய ஆய்வாளர்கள், அந்த மென்பொருளாலும் பற்றாக்குறை வந்திருப்பதற்கு நியாயமான வாய்ப்பு உண்டு என்று அறிக்கை கொடுத்தார்கள். ஆனால் 2024ஆம் ஆண்டுச் சட்டம் ஹொரைசனுக்கு மட்டும்தான். கப்சர் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக மீளாய்வு ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். பலருக்கு வயது எழுபது, எண்பது. சிலர் இறந்துவிட்டார்கள், பிள்ளைகள் பத்திரங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். முப்பது வருடத்துக்கு முந்திய பத்திரங்கள். அவர்களையும் அதே சட்டத்துக்குள் பாராளுமன்றம் சேர்க்க வேண்டும். உங்கள் தொகுதி எம்பிக்கு எழுதுகிற பழக்கம் உள்ளவர்கள் இதையும் எழுதுங்கள். கப்சர் என்ற பெயரைக் கட்டாயம் குறிப்பிட்டு எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.