குடியேறிகள் குறைவு, கோபம் அதிகம்: ஐரோப்பாவில் தீவிர வலதுசாரிகள் வளர்ந்த விதம்

(திரையில்: ஜெர்மனியின் வரைபடம், துரிங்கியா மாநிலம் மட்டும் நிறமிடப்பட்டிருக்கிறது)

வணக்கம். 2024 செப்டம்பரில் ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத் தேர்தலில், ஏஎஃப்டி என்று அழைக்கப்படும் ‘ஜெர்மனிக்கான மாற்று’ கட்சி 32.8 சதவீத வாக்குகளுடன் முதலிடம் பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு தீவிர வலதுசாரிக் கட்சி ஜெர்மனியின் மாநிலத் தேர்தல் ஒன்றில் முதலிடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. வெளிநாட்டவர் வருகையைத் தடுப்போம் என்பதுதான் அக்கட்சியின் முதன்மையான வாக்குறுதி. ஆனால் மேற்கு ஜெர்மனியின் பெருநகரங்களோடு ஒப்பிட்டால், முன்பு கிழக்கு ஜெர்மனியில் இருந்த துரிங்கியாவில் வாழும் வெளிநாட்டவர் மிகவும் குறைவு. 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் வேலை தேடி மேற்கே போனவர்கள், குறிப்பாக இளம்பெண்கள், பெருமளவில் திரும்பி வரவே இல்லை. வந்தவர்களைவிடப் போனவர்கள்தான் அந்த மண்ணின் பெரிய கதை.

குடியேறிகள் பெருகினார்கள், அதனால் எதிர்ப்பும் பெருகியது என்ற எளிய விளக்கம் இங்கேயே இடறுகிறது.

(திரையில்: ஏஎஃப்டியின் வாக்கு சதவீதம், ஆண்டு வாரியாக)

ஏஎஃப்டி 2013இல் தொடங்கப்பட்டபோது அதன் எதிரி யூரோ நாணயம். அதை முன்னின்று நடத்தியவர்களில் பொருளாதாரப் பேராசிரியர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் 4.7 சதவீதம் பெற்று, நாடாளுமன்றத்தில் நுழையத் தேவையான 5 சதவீத வரம்பை எட்டாமல் வெளியே நின்றது. 2015இல் சிரியப் போருக்குத் தப்பியவர்கள் உட்பட 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐரோப்பாவுக்குள் வந்தார்கள். ‘நம்மால் முடியும்’ என்றார் அன்றைய ஜெர்மன் பிரதமர் அங்கெலா மெர்கல். முடியாது என்று சொல்ல ஒரு கட்சி தேவைப்பட்ட இடத்தில் ஏஎஃப்டி போய் நின்றுகொண்டது. 2017இல் அதற்கு 12.6 சதவீதம் கிடைத்தது.

அடுத்து வந்த 2021 தேர்தலைத்தான் கவனிக்க வேண்டும். கொரோனாவும் பருவநிலை மாற்றமும் பேசப்பட்ட அந்தத் தேர்தலில், அக்கட்சியின் வாக்கு 10 சதவீதத்துக்குச் சற்று மேலாகச் சுருங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஜெர்மனியில் வெளிநாட்டவர் எண்ணிக்கை குறையவில்லை, கூடவே செய்தது. குறைந்தது அவர்களைப் பற்றிய பேச்சு. பேச்சு மீண்டும் குடியேற்றத்துக்குத் திரும்பியிருந்த 2025 பிப்ரவரியில், அதே கட்சி 20.8 சதவீதத்துடன் இரண்டாமிடம் பிடித்தது. புதிதாக வருபவர்களால் வீட்டு வாடகையிலும் பள்ளி வகுப்பறைகளிலும் நெருக்கடியே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது உண்மையான நெருக்கடி. ஆனால் அது வாக்காக மாறுவது, தேர்தலின் மையக் கேள்வி குடியேற்றம்தான் என்று ஆகும்போது. அப்படி ஆக்குவது யார்? பல இடங்களில், மைய நீரோட்டக் கட்சிகளே.

நெதர்லாந்தைப் பாருங்கள். 2023 ஜூலையில் அன்றைய பிரதமர் மார்க் ருட்டேயின் கூட்டணி அரசு, அகதிகளின் குடும்பத்தினரை வரவழைக்கும் உரிமையைக் கட்டுப்படுத்துவதில் உடன்பாடு காண முடியாமல் கவிழ்ந்தது. இப்படியாகத் தேர்தலுக்கான தலைப்பை ஆளுங்கட்சிகளே எழுதிக் கொடுத்தன. ருட்டேயின் கட்சிக்குப் புதிய தலைமை வந்ததும், தீவிர வலதுசாரித் தலைவர் கீர்ட் வில்டர்ஸுடன் கூட்டு இல்லை என்ற பழைய நிலைப்பாடும் தளர்ந்தது. நவம்பரில் வில்டர்ஸின் சுதந்திரக் கட்சி 150 இடங்களில் 37ஐ வென்று முதலிடம் பெற்றது. வில்டர்ஸ் போன்றோர் கைக்கொள்ளும் பாப்புலிசம் என்பது, ஏமாற்றும் மேல்தட்டு ஒருபுறம், ஏமாறும் உண்மையான மக்கள் மறுபுறம் எனச் சமூகத்தை இரண்டாகப் பிளந்து, மக்களின் குரல் தாங்கள் மட்டுமே என்று உரிமை கோரும் அரசியல். அந்த மக்களின் பெயரால் பேசும் வில்டர்ஸின் கட்சியில் உறுப்பினர் ஒரே ஒருவர்தான், அவரே.

(திரையில்: 1983, ட்ரூ நகரம்)

தீவிர வலதுசாரிகளுக்குக் கதவைத் திறந்துவிடும் இந்த வழக்கம் பழையது. பாரிஸுக்கு மேற்கே உள்ள ட்ரூ என்ற தொழில் நகரத்தில் 1983 செப்டம்பரில் நகராட்சித் தேர்தல் நடந்தது. ஜான்-மாரி லெ பென்னின் தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணி முதல் சுற்றில் 16 சதவீதத்துக்கும் மேல் பெற்றது. தேசிய அளவில் அதுவரை உதிரியாக இருந்த கட்சி அது. இடதுசாரிகளைத் தோற்கடிக்க வேண்டும் என்பதற்காக, மரபான வலதுசாரிகள் இரண்டாம் சுற்றில் அதனுடன் ஒரே பட்டியலில் இணைந்து வென்றார்கள். அந்த ஒரு நகராட்சிக்காக அவர்கள் கொடுத்த விலை அதிகம் என்பது என் கணிப்பு. 2002 அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றில் லெ பென்னை எதிர்த்து இடதுசாரி வாக்காளர்களும் மரபான வலதுசாரி வேட்பாளர் ஷிராக்குக்கே வாக்களித்ததால் ஷிராக் 82 சதவீதம் பெற்றார். பின்னர் அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றில், லெ பென்னின் மகள் மரீன் 2017இல் 33.9 சதவீதமும் 2022இல் 41.5 சதவீதமும் பெற்றார்.

 

தீவிர வலதுசாரிகளின் கொள்கையை மைய நீரோட்டக் கட்சிகளே எடுத்துக்கொண்டால் அவர்கள் வலுவிழப்பார்கள் என்ற வாதத்துக்கு டென்மார்க்கைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அங்கே 2016இல், தஞ்சம் கோருவோரிடம் 10,000 குரோனருக்கு மேற்பட்ட பணத்தையும் விலையுயர்ந்த பொருள்களையும் பறிமுதல் செய்யலாம் என்று ஒரு சட்டம் வந்தது. திருமண மோதிரம் போன்ற உணர்வுபூர்வமான பொருள்களுக்கு மட்டும் விலக்கு. எதிர்க்கட்சியாக இருந்த சமூக ஜனநாயகக் கட்சியும் அதை ஆதரித்தது. 2015இல் 21.1 சதவீதம் பெற்ற, தீவிர வலதுசாரிக் கட்சியான டேனிஷ் மக்கள் கட்சி 2019இல் 8.7ஆகவும் 2022இல் 2.6ஆகவும் சரிந்தது உண்மை. ஆனால் கடும் குடியேற்றக் கொள்கைக்குப் பெயர்போன முன்னாள் அமைச்சர் இங்கர் ஸ்டோய்பெர்க் தொடங்கிய புதிய கட்சி, 2022இல் முதல் தேர்தலிலேயே 8.1 சதவீதம் பெற்றது. மோதிரச் சட்டமோ அப்படியே இருந்தது.

(திரையில்: ரோம், 2022)

ஆட்சிக்கு வந்தபின் என்ன ஆகிறது என்பதற்கு இத்தாலி இருக்கிறது. 2018இல் 4 சதவீதத்தைச் சற்றே தாண்டிய ஜார்ஜா மெலோனியின் ‘இத்தாலியின் சகோதரர்கள்’ கட்சி, 2022இல் 26 சதவீதம் பெற்று அவரைப் பிரதமராக்கியது. எதிர்க்கட்சியில் இருந்தபோது, படகுகளைத் தடுக்கக் கடற்படை முற்றுகை வேண்டும் என்றவர் அவர். அதே 2022இல் இத்தாலியில் பிறந்த குழந்தைகள் 4 லட்சத்துக்கும் குறைவு. பழம் பறிக்கவும் முதியோரைப் பராமரிக்கவும் ஆளில்லை. 2023 முதல் 2025 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் தொழிலாளர்களுக்காக மெலோனி அரசு ஒதுக்கிய அனுமதிகள் 4,52,000. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான ஒதுக்கீடு ஏறத்தாழ 5 லட்சம்.